ஆடாத படத்துக்குத்தான் காசு

தங்கை நிச்சயத்தன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். எங்கள் பக்கம் அம்மா, நான், தங்கை, தாய்மாமன், அவர் சம்சாரம். மாப்பிள்ளை பக்கம் மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். பதினோராவது ஆள், படம் எடுக்க வந்த ஸ்டுடியோக்கார அக்கா. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை. காபிக்குப் பால் போதுமா போதாதா என்று மூன்று தடவை தலையை எண்ணியதால் இந்தக் கணக்கு எனக்கு மறக்கவே இல்லை.

ஆனால் அன்றைக்கு எடுத்த குரூப் படத்தில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். அக்கா கேமராவுக்குப் பின்னால் இருந்தார், அது சரி. நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நீலக் கோடு இருக்கிறது. அது என் புடவை. நான் ஏன் கோடாகிப் போனேன் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அவர் எனக்கு நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா என்பதே இன்னும் பிடிபடாத விஷயம்.

அக்கா என்கிறேனே தவிர, என்னைவிட நாலைந்து வயது சின்னவராகத்தான் இருப்பார். கேமரா தூக்கிக்கொண்டு தனியாக வருகிற பெண்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் குப்பத்தில் யாருக்கும் வாய் வரவில்லை, அதனால் அக்கா. திருக்கழுக்குன்றத்தில் ஒற்றை ஷட்டர் வைத்த கடை. ஸ்கூட்டியில் மாமல்லபுரம் கரையோரமெல்லாம் வருவார், அந்தப் பக்கம் செங்கல்பட்டு வரைக்கும் போவார். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் பெண்டுகள் அவரைத்தான் கூப்பிடச் சொல்வார்கள்.

அவர் சும்மா நின்று நான் பார்த்தது அபூர்வம். எதிலாவது சாய்ந்துகொண்டுதான் நிற்பார். கதவு நிலை, பந்தக்கால், பீரோ, எது கிடைக்கிறதோ அது. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குளிரில் மாட்டிக்கொண்ட கோழி மாதிரி இருப்பார். ஒரு கல்யாணத்தில் சாய எதுவும் கிடைக்காமல் மாப்பிள்ளையின் சித்தப்பா முதுகிலேயே தோளைக் கொடுத்துவிட்டார்.

"ஆடாத நில்லு நைனா. ரெண்டே நிமிஷம்."

அந்த மனுஷன் அட்சதைக் கையோடு அப்படியே நின்றார். தாலி கட்டி முடிந்தும் அவருக்கு அட்சதை போடத் தோன்றவில்லை.

பிளாஷ் போடமாட்டார். கேட்டால், "பிளாஷ் அடிச்சா நகை மினுக்கும், மூஞ்சி வெள்ளையடிச்ச சுவுரு மாரி ஆயிடும். சுவுத்த எடுக்கவா என்ன கூப்ட்டீங்க?" என்பார். மங்கின வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் ரவை தூவினது போல் புள்ளி புள்ளியாக வரும். அதைக் குறை சொன்னால், "புள்ளி வந்தா வரட்டும், ஆட்டம்தான் வரக்கூடாது" என்று முடித்துவிடுவார். ஆட்டம் வந்த படத்துக்குக் காசு வாங்கமாட்டார். அது அவரே வைத்துக்கொண்ட சட்டம். எத்தனையோ பேர் ஆடிப்போன படத்தைப் பார்த்து "நல்லாத்தான கீது, குடுங்க" என்று கெஞ்சியும் காசைத் தொடாமல் போயிருக்கிறார்.

அவர் எனக்குப் பழக்கமானது ஒரு பையால்தான். நான் எட்டாவதோடு நின்றவள். ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு நாள் அக்கா வந்து, உள்ளங்கை அகலத்தில் கெட்டித் துணியில் பை ஒன்று தைத்து, அரைக்கிலோ அரிசியைக் கொட்டி வாயை மூடிக் கொடு என்றார்.

"அரிசிய உள்ள வெச்சித் தைக்கவா? எதுக்குக்கா?"

"கேமராவ ஒக்கார வெக்க. ஜன்னல் கட்டைல, நாற்காலி முதுகுல, எங்க வெச்சாலும் அமுங்கிப் புடிச்சிக்கும். ஆடாது."

"வண்டு வந்துட்டா?"

"பொங்கித் துன்னுட்டு வேற அரிசி போட்டுக்குவேன். உனக்கு இன்னா பேஜாரு?"

எனக்குப் பேஜார்தான். அன்று ராத்திரி முழுக்க, தையல் விட்டுப்போய் யார் கல்யாணத்திலோ அரிசி கொட்டுவது போலவே இருந்தது. மறுநாள் வாங்கி இன்னொரு வரிசைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

இனி அவருடைய பெரிய வித்தைக்கு வருகிறேன். படம் எடுக்கும்போது யாரையும் "ஆடாதீங்க" என்று அவர் சொல்லமாட்டார். அந்தச் சித்தப்பாவிடம் சொன்னது அவர்மேல் சாய்ந்திருந்ததால். மற்றவர்களிடம் சொன்னால் அப்போதுதான் தோளைச் சரிசெய்வார்கள், வாயை மூடித் திறப்பார்கள் என்பார். அதற்குப் பதிலாக ஏதாவது கேள்வி கேட்பார்.

"வூட்ட பூட்டினு வந்தியா?"

கேட்ட உடனே ஆள் அப்படியே நிற்கும். கண் எங்கேயோ போகும். பூட்டினோமா, சாவி எங்கே. அந்த ஒரு நொடியில் இமை கூட அசையாது. அவருக்கு அது போதும். இருட்டு மண்டபம், மங்கல் பல்பு, எதுவானாலும் படம் கல்லில் செதுக்கினது போல் வந்துவிடும். ஆனால் முகம் மட்டும் ஒரு மாதிரி குழம்பிப்போய் இருக்கும். எங்கள் பக்கத்து ஆல்பங்களைப் பிரித்துப் பார்த்தால் எது அவர் எடுத்தது என்று நானே சொல்லிவிடுவேன். எல்லோரும் எதையோ தொலைத்துவிட்டு யோசிப்பது போல நிற்பார்கள்.

திருப்போரூரில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் வெளிச்சமே இல்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்த நேரத்தில் இவர் மெதுவாக, "தம்பி, செருப்ப எங்க வுட்ட?" என்றிருக்கிறார். படம் அருமை. பெண்ணின் அம்மா மட்டும் சண்டைக்கு வந்துவிட்டார்.

"என் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது அவரு செருப்ப நெனச்சிகினு கீறாரே!"

"அவரு இன்னா நெனச்சாரோ யாருக்குத் தெரியும்? ஆடாம கீறாரா இல்லியா, அத்தப் பாரு."

இந்தக் கேள்வி மற்றவர்களுக்கு ஒரு நொடி. எனக்கு அப்படி இல்லை. நான் அசலாகவே பயந்துவிடுவேன். அது தெரிந்தும் அவர் எனக்கு விதிவிலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

எங்கள் அம்மாவுக்குத் தலை ஆடும். மேலும் கீழுமாக ஆடினாலும் பரவாயில்லை, பக்கவாட்டில் ஆடும், இல்லை இல்லை என்று சொல்வது போல. வலது கையும் நடுங்கும். மீன்காரம்மா கூடையை இறக்கி "வேணுமா?" என்பாள், அம்மா வாயைத் திறப்பதற்குள் தலையைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பெரியம்மாவுக்கும் இதே ஆட்டம் இருந்தது. டாக்டர், சில குடும்பங்களில் இப்படி வரும், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்குக் 'குடும்பங்களில்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

அப்போதிலிருந்து என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அம்மாவை போனில் படம் எடுப்பேன். எல்லாப் படத்திலும் அம்மா ஈரத் துணியால் துடைத்தது போல இருப்பாள். ஆடியது அம்மாவா, என் கையா, இல்லை இருட்டுதான் இப்படிச் செய்கிறதா? மூன்றில் எது என்று தெரியாமல் அந்தப் படங்களை அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

ஒரு நாள் சாயங்காலம் அக்காவிடம் காட்டிவிட்டேன். அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. பெரிதாக்கி, பின்னால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இருட்டுல கேமரா கண்ண ரொம்ப நேரம் தொறந்துகினு கீது. அந்த நேரத்துல எது ஆடினாலும் பூசிக்கும். சுவுரும் சேந்து பூசியிருந்தா எடுத்த கை ஆடிச்சின்னு அர்த்தம். சுவுரு நின்னு ஆளு மட்டும் பூசியிருந்தா ஆளு ஆடிச்சின்னு அர்த்தம்."

காலண்டரில் தேதி இரண்டிரண்டாகத் தெரிந்தது. 

"அப்ப என் கைதானாக்கா?"

அவர் என் போனை வாங்கி, முழங்கையை விலாவில் ஒட்டாமல் ஒற்றைக் கையை நீட்டி, அதே இடத்தில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். அதிலும் தேதி இரண்டிரண்டாக இருந்தது.

"பாத்தியா? அப்ப நானும் உங்கம்மாவுக்குப் பொறந்தவளா?" என்று சிரித்தார். பிறகு போனை டம்ளரில் சாய்த்து வைத்து, விரல் படாமல் தானாக எடுக்க டைமர் வைத்தார். அந்தப் படத்தில் காலண்டர் பளிச்சென்று வந்தது. அம்மா மட்டும் பூசியிருந்தாள். இருட்டில் எல்லோர் கையும் ஆடும் என்று அவர் காட்டியதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் என் கை இருட்டால் ஆடியதா, கையாலேயே ஆடியதா என்று ராத்திரி திரும்பவும் குழம்பிவிட்டது.

இந்த நிலைமையில்தான் தங்கைக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து வரன் வந்தது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே பையனும். பெண் பார்க்க வந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி உள் அறையில் படுக்க வைத்துவிட்டேன். படுத்தால் தலை ஆடாது. அவர்களும் எட்டிப் பார்த்து, ரெஸ்ட் எடுங்கம்மா என்று போய்விட்டார்கள். பரம்பரைச் சீக்கு என்று ஒரு பேச்சு கிளம்பினால் தங்கை கல்யாணம் நின்றுவிடும் என்பது என் பயம். நிச்சயத்துக்கு அம்மா சபையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலையைச் சுவரில் சாய்த்துவிட்டால் ஆட்டம் முக்கால்வாசி அடங்கிவிடும். இது நான் போட்ட திட்டம். படம்தான் மிச்சம். எல்லோரும் தெளிவாக வந்து அம்மா மட்டும் பூசியிருந்தால் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடுமே.

"அக்கா, எங்க அம்மா ஆடாம வரணும்," என்றேன்.

"எல்லாரும் ஆடாமத்தான் வருவாங்க."

"அதுக்கில்லக்கா. மாப்ள வூட்டுக்குத் தெரியாது, அம்மாவுக்கு இப்டி கீதுன்னு."

கதவு நிலையில் சாய்ந்திருந்தவர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"இன்னா நீ? படம்ங்கறது ஒரு செகண்டுல முப்பதுல ஒரு பங்கு. அத்த நான் பாத்துக்குவேன். மீதி நேரத்துக்கு இன்னா பண்ணுவ?"

கேட்டுவிட்டு அம்மாவையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது தலையை.

"அலை வருதுல்ல, கரைக்கு வந்து திரும்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிட்டு நிக்கும். உங்கம்மா தலையும் அப்டித்தான் போயி நின்னு திரும்புது. அந்த எடத்துல புடிக்கணும்" என்றார். எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

நிச்சயத்தன்று சாயங்காலம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து அழகாக இருந்தாள். காபி கொடுத்து முடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. பக்கத்து ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தது. இருப்பது காமாட்சி விளக்கும் ஒரு எமர்ஜென்சி லைட்டும்தான். இருட்டு வந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இனி யார் அம்மாவைக் கவனிக்கப் போகிறார்கள் என்று.

அக்கா பரபரப்பானார். "முழுசா இருட்டறதுக்குள்ள குரூப் எடுத்துடலாம். எல்லாரும் விளக்காண்ட வாங்க."

தடுக்க என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் மாமா அம்மாவின் நாற்காலியைத் தூக்கி நடுவில் போட்டுவிட்டார். சுவர் இரண்டு முழம் பின்னால் போய்விட்டது. அக்கா பீரோவில் சாய்ந்து, அரிசிப் பையை இன்னொரு நாற்காலி முதுகில் வைத்து, அதன்மேல் கேமராவை அமுக்கினார். அம்மா தலை பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று கேட்டார்.

"அடுப்ப அணச்சிட்டீங்களா?"

எட்டுப் பேரும் சிலையாகிவிட்டார்கள். ஒன்பதாவது ஆளான அம்மாவின் தலை எந்த முனையில் போய் நின்றதோ, அதே நொடியில் டிக் என்றது. நான் மட்டும் அடுப்படிக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பொண்ணு," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கேமரா முதுகில் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வட்டிக்கு வாங்க வந்தவங்க மாரி கீறோம்!"

அடுப்பு அணைந்துதான் இருந்தது. சிலிண்டரையும் மூடினேன். மூடினேனா என்று திரும்பவும் திருகிப் பார்த்தேன். அந்த நேரத்தில் கூடத்தில் தட்டு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் நாற்காலியைச் சுவருக்குத் தள்ள யாருக்கும் தோன்றவில்லை. நான் வெளியே வரும்போது மாப்பிள்ளையின் அம்மா தட்டை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்பந்தி, உங்களுக்கு முழு சம்மதம்தான?"

அம்மா என்னவோ சொன்னாள். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தலை மட்டும் தெரிந்தது. இல்லை. இல்லை. இல்லை.

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. "இன்னாது, வேணாங்கறாங்க?"

 தங்கை என்னைப் பார்த்தாள்.  அப்போது பீரோ பக்கம் இன்னொரு டிக். அக்கா பீரோவை விட்டு நடந்து வந்தார். எதிலும் சாயாமல் அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கேமராவைத் திருப்பி மாப்பிள்ளையின் அம்மாவிடம் காட்டினார்.

"அவங்க தல எப்பவுமே இப்டித்தான் போகும்மா. கேள்விக்குப் பதில் இல்ல அது. மூஞ்சியப் பாருங்க. சிரிக்கறாங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்துக்குள்ளே அப்படி ஒரு சிரிப்பு இருந்தது கூட இருக்கிற எனக்கே தெரியாது.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பாதான். "எங்க பெரியப்பாவுக்கும் இப்டித்தான். அவுரு தலை ஆமா ஆமான்னு போவும். ப்ளாட்டு போடறவன் வந்து நெலத்தக் குடுக்கறியான்னான். தலையப் பாத்துட்டு அட்வான்ஸ வெச்சிட்டுப் பூட்டான். இல்ல இல்லன்னு போனா நல்லதுதான், சொத்து நிக்கும்."

தட்டு மாறிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, "அன்னிக்குக் காய்ச்சல்னியேம்மா, இதுக்குத்தானா?" என்றார். சத்தமாகக் கேட்கவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது, தங்கை சௌக்கியமாக இருக்கிறாள். இன்றைக்கும் நான் அங்கே போய், வெயில் அதிகம் என்று சொன்னால்கூட அந்த அம்மா "நெசமாவா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நம்புவார்.

அன்று வாசலில் அக்காவை மறித்தேன். "ஏன்க்கா எல்லார் எதிர்லயும் சொன்னீங்க?"

"ஆடாம வரணும்னு நீதான சொன்ன? வந்துச்சி," என்று ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டார்.

அடுத்த வாரம் படங்களோடு வந்தார். மற்றதற்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டார். குரூப் படத்துக்கு வேண்டாம் என்றார், அதில் நான் கோடு. கடைசியாக அம்மா படத்தைத் தையல் மெஷின் மேல் வைத்தார். முகம் கண்ணாடி மாதிரி நின்றது. தட்டை வாங்க நீட்டிய வலது கை மட்டும் சாம்பிராணிப் புகை போல இருந்தது.

"எனக்கே கொயப்பமா கீது," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "மூஞ்சி நிக்குது, கை ஆடிடுச்சி. ஆடுன படம்னு நீ சொன்னா காசு வேணாம். ஆடாத படம்னா முந்நூத்தம்பது. நீயே சொல்லு."

எனக்குக் கோபம் தீரவில்லை. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினை மிதித்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்து காத்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன தோன்றியதோ, தலையைத் தூக்காமலேயே கேட்டேன்.

"கடைய பூட்டினு வந்தீங்களாக்கா?"

மெஷின் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் எங்கேயோ போயிருந்தது. இமை அசையவில்லை. அவர் எடுத்த அத்தனை ஆல்பத்திலும் இருக்கிற அதே முகம். பிறகு பிடிபட்டுச் சிரித்துவிட்டார். "அடிப்பாவி!" என்றபடியே, காசு கேட்காமலே போனார். அவரை எடுத்த படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அந்த முகம்தான் இருக்கிறது.

அப்புறம் நான் திருக்கழுக்குன்றம் போன நேரத்தில் அந்த ஷட்டரில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கிறார் என்று ஒருவர் சொன்னார். செங்கல்பட்டில் அண்ணன் வீட்டோடு இருக்கிறார் என்று இன்னொருவர். அவர் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. கடையை ஒருவேளை அன்றைக்கு நிஜமாகவே பூட்டாமல் வந்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க எனக்கு மூன்று தடவை ஆகிறது. வெளிச்சம் போதவில்லையா, கண்ணா, கையா? விலாவோடு முழங்கையை ஒட்டி, சுவரில் சாய்ந்து, பாதி மூச்சு விட்டுக் கோர்த்தால் இரண்டாவது தடவையில் ஏறிவிடுகிறது.

போன வாரம் துணிக் குவியலுக்கு அடியிலிருந்து அம்மாவின் அந்தப் படத்தை எடுத்தேன். அம்மாவிடம் காட்டினேன்.

"யாரு எட்த்தது? நல்லா கீது," என்றாள் அம்மா. தலை இல்லை இல்லை என்றது.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அக்கா செய்வது போல அம்மாவை விட்டுவிட்டுப் பின்னால் சுவரைப் பார்த்தேன். காலண்டரில் தேதி ஒன்றொன்றாகத் தெளிவாக இருக்கிறது. கைதான் ஆடியிருக்கிறது, படம் ஆடவில்லை. அப்படியென்றால் நான் அந்த அக்காவுக்குத் தர வேண்டியது முந்நூற்று ஐம்பது ரூபாய்.